இயங்கலையில் மனநல ஆலோசனை: பெயர், மொழி, கதவு



நம் நாட்டுத் தமிழர் பேச்சில் சில ஊர்ப் பெயர்கள் ஊரைக் குறிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. தஞ்சோங் ரம்புத்தான் அவற்றுள் முதன்மையானது. ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1911ஆம் ஆண்டு மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. பின்னாளில் அவ்வூர்ப் பெயரே நம்மவர் வாயில் ஏச்சாகவும் கேலியாகவும் புழங்கத் தொடங்கியது. தெற்கே ஜொகூர்க்காரர்களுக்குத் தம்போய். "ரொம்பப் பேசுனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்று நான்காம் ஆண்டு மாணவன் தன் நண்பனைக் கேலி செய்வதை இந்த ஆண்டும் என் காதால் கேட்டேன். அம்மருத்துவமனையின் இன்றைய பெயரிலுள்ள 'பஹாகியா' என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். அந்தப் பொருளை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அச்சத்தை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

அந்த அச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, மனச்சோர்வு நோய்க்கு ஆளான பெரியவர்கள் 2019இல் நூற்றுக்கு 2.3 பேராக இருந்தனர். 2023இல் அது 4.6 ஆனது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு. தலை எண்ணினால் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். இவர்களுள் நம் மாணவர்களின் தாய் தந்தையர் உண்டு. நம்மோடு ஆசிரியர் அறையில் அமர்ந்து புத்தகம் திருத்துகிறவர்களும் உண்டு.

அண்மைக் காலமாகப் பெற்றோர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். "டீச்சர், இப்பல்லாம் போன்லயே கவுன்சலிங் பண்றாங்களாமே, அது சரியா வருமா?" 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின்னர்தான் இக்கேள்வி பரவலாயிற்று. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையா நேரா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: ஆலோசகரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? அவர் உங்கள் மொழியில் பேசுவாரா? பேசும்போது மூடிக்கொள்ள உங்களுக்கு ஒரு கதவு இருக்கிறதா? இம்மூன்றும் அமைந்தால் நம்மவர் பலருக்கு இயங்கலை ஆலோசனை நன்மையே தரும். அமையாவிட்டால் நேரில் போனாலும் பயன் குறைவு.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகிய மூவரும் ஒருவரல்லர். இந்த வேறுபாடு தெரியாமலே பலர் பணத்தைச் செலவிடுகின்றனர்.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, மனநோய்த் துறையில் சிறப்புத் தகுதி பெற்றவர். இம்மூவருள் மருந்து எழுதித் தரக்கூடியவர் இவர் ஒருவரே. மருத்துவ உளவியலாளர் சோதனைகள் வைத்து மதிப்பிடுவார். உரையாடல் வழிச் சிகிச்சையும் அளிப்பார். பிள்ளையின் கற்றல் குறைபாட்டை முறையாக மதிப்பிட இவரையே நாட வேண்டும். ஆலோசகர் துயரம், குடும்பச் சிக்கல், பதற்றம், பணி அழுத்தம் போன்றவற்றில் பேசிப் பேசி வழி காண உதவுவார்.

ஆசிரியர்களாகிய நாங்கள் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியலை ஒரு பாடமாகப் படித்தோம். அது வகுப்பறைக்குப் போதும். ஒருவருடைய மனநோயைத் தீர்க்கப் போதாது. ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக இருப்பதை முதலில் கவனிக்கக்கூடியவர் ஆசிரியர். கவனித்து உரியவரிடம் அனுப்புவதோடு எங்கள் எல்லை முடிகிறது.

பெயரைத் தேடுங்கள்

மலேசியாவில் ஆலோசகர்களுக்கெனத் தனிச் சட்டம் உண்டு. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், சட்ட எண் 580. இதன்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்று, பணிச் சான்றும் வைத்திருப்பவரே ஆலோசகராகத் தொழில் செய்யலாம். அவர்கள் பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்னும் எழுத்துகள் இருக்கும். இந்த பி.ஏ. நாம் அறிந்த இளங்கலைப் பட்டமன்று. 'பெர்அக்குவான் அமாலான்' என்னும் பணிச் சான்றின் சுருக்கம். மருத்துவ உளவியலாளர்கள் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகின்றனர். மனநல மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்', 'ஹீலர்' என்று முகநூலில் போட்டுக்கொள்வது எதற்கும் சான்றாகாது. இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய் வந்தவரும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். இயங்கலையில் இந்த ஆபத்து கூடுதல். நேரில் போனால் அலுவலகம், சுவரில் மாட்டிய சான்றிதழ், வெளியே காத்திருக்கும் மனிதர்கள் என்று நாலு அடையாளம் கண்ணில் படும். திரையில் தெரிவது முகமும் பின்னால் ஒரு புத்தக அலமாரியும் மட்டுமே. ஆகவே பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டா. முறையாகப் பதிவு பெற்றவர் தயங்காமல் சொல்வார்.

திருக்குறளில் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவரை ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிவு. அரசன் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். தொடங்குமுன் நன்றாக ஆராயுங்கள். தொடங்கியபின் மூன்று நான்கு முறையாவது மனம் திறந்து பேசிப் பாருங்கள். முதல் நாளே பாரம் இறங்கவில்லை என்று விட்டுவிட வேண்டா. நான்கு முறைக்குப் பிறகும் இவரிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்று தோன்றினால், நன்றி கூறி வேறொருவரை நாடுங்கள். அதில் நன்றி கெட்டதனம் ஒன்றுமில்லை.

எந்த மொழியில் பேசுவீர்கள்?

என் மாணவன் ஒருவனின் தாயார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தொழிற்சாலையில் வேலை; இரவில் உறக்கமில்லை. பையன் வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதைப் பற்றிப் பேச அழைத்தபோதுதான் அவர் தம் நிலையைச் சொன்னார். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். போனார். ஆலோசனையும் கிடைத்தது. மறுவாரம் கேட்டேன், "எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லவங்கதான் டீச்சர். ஆனா மலாய்ல கேட்டாங்க. நானும் 'சாயா ஓகே'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தமிழ்ல கேட்டிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

இந்த மறுமொழியை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நம்மவர் மலாய் பேசுவர், ஆங்கிலமும் பேசுவர். கடையில், வங்கியில், பள்ளிக் கூட்டத்தில் அது போதும். துயரம் மட்டும் வேறு அகராதி வைத்திருக்கிறது. 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சு அடைக்குது', 'வயிறு எரியுது', 'எதுலயும் பிடிப்பில்ல' என்று நம் பெண்கள் உடம்பின் வழியாகவே மனத்தைச் சொல்வார்கள். இதை அப்படியே மலாயில் பெயர்த்தால் மருத்துவர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்வார். வயிற்றுக்கு மாத்திரை கொடுப்பார். 'பிடிப்பில்ல' என்ற சொல்லில் எத்தனை பெரிய எச்சரிக்கை இருக்கிறது என்பது தமிழ் அறிந்தவர் காதுக்கே கேட்கும்.

இயங்கலையின் உண்மையான பயன் இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். தமிழில் பேசக்கூடிய பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் கிள்ளானில் இருக்கலாம். அவரைத் தேடிக் குளுவாங்கிலிருந்தோ சுங்கை சிப்புட்டிலிருந்தோ வாரந்தோறும் பயணம் செய்ய எவரால் முடியும்? விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவருக்கு எந்தக் கிளினிக் திறந்திருக்கும்? அத்தகையோருக்குத் திரை என்பது இரண்டாந்தரமான வழியன்று. பலருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தமிழ் வழி அதுதான்.

"அப்படியானால் தமிழ்நாட்டு ஆலோசகரிடமே பேசிவிடலாமே, கட்டணமும் குறைவு" என்று சிலர் கேட்பர். தமிழ் கிடைக்கும், உண்மை. ஆனால் நள்ளிரவில் நிலைமை மோசமானால் உங்கள் ஊரில் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று சென்னையில் இருப்பவருக்குத் தெரியாது. நம் நாட்டுப் பதிவேட்டில் அவர் பெயர் இராது. முறைகேடு நடந்தால் இங்குள்ள வாரியத்தில் முறையிடவும் இயலாது. இங்குள்ள தமிழ் ஆலோசகரைத் தேடிப் பார்த்து, கிடைக்காதபோது அந்த வழியை எண்ணலாம்.

தொலைவிலிருந்து மனத்தைத் தொட முடியுமா?

இது புதிய கேள்வி போலத் தெரிந்தாலும் பழைய கேள்விதான். 1953இல் இலண்டன் நகரில் சாட் வரா என்னும் பாதிரியார் தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்ததே சமாரித்தன்ஸ் அமைப்பு. அதே வழியில் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் இயங்கி வருகிறது. முகமே தெரியாத குரல் பலரை அன்றிரவு கடக்க வைத்திருக்கிறது.

இணையவழிச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளும் நம்பிக்கை தருகின்றன. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பயிற்றும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை, ஆலோசகரின் வழிகாட்டலோடு இணையத்தில் நடக்கும்போது, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் நேரில் நடப்பதற்கு ஏறத்தாழ இணையான பலனைத் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 'வழிகாட்டலோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். செயலியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது.

எட்வர்ட் போர்டின் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1979இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சிகிச்சையில் இருவருக்கிடையே உள்ள உறவு மூன்றால் ஆனது: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை. ஆசிரியருக்கு இது புதிதன்று. கொவிட் காலத்தில் திரை வழியே பாடம் நடத்தினோம். எங்களோடு ஏற்கெனவே உறவு வைத்திருந்த பிள்ளைகள் திரையிலும் கற்றனர். உறவே இல்லாதவர்கள் ஒலிவாங்கியை அடைத்துவிட்டுக் காணாமற்போயினர்.

கதவு

மேலே சொன்ன தாயாருக்கு வேறு மாநிலத்திலுள்ள தமிழ் ஆலோசகர் ஒருவர் இயங்கலையில் கிடைத்தார். மொழித் தடை நீங்கியது. இடத்தடை வந்தது. மக்கள் வீடமைப்புத் திட்டத்து அடுக்குமாடி. 700 சதுர அடி. அதில் மாமியார், மைத்துனர், மூன்று பிள்ளைகள். படுக்கையறைக்குக் கதவு உண்டு. ஆனால் கதவைச் சாத்தினால் 'என்ன பேசுறா?' என்ற கேள்வி வரும். படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் மேலும் கீழும் நடந்தார். மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் ஒரு மாதமாகச் சொல்லவே இல்லை.

இயங்கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இணைய வேகத்தைப் பற்றி எழுதுகின்றனர். நம்மவர் வீடுகளில் குறைவாக இருப்பது இணையமன்று, தனிமை. சிலர் காரை ஓரிடத்தில் நிறுத்தி அதற்குள் அமர்ந்து பேசுகின்றனர். சிலர் காதணிக் கருவி மாட்டிக்கொண்டு, நெருக்கடியான கேள்விக்கு எழுத்தில் விடையளிக்கின்றனர். இவையும் நல்ல வழிகளே. ஆனால் கார் இல்லாதவர் என்ன செய்வார்?

எப்போது திரை போதாது?

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தவர், இல்லாத குரல் கேட்பவர், பல நாளாக உணவையும் உறக்கத்தையும் துறந்தவர், குடியை நிறுத்தியதால் உடல் நடுங்குபவர் ஆகியோரை நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடிக்கின்றவர் அதே வீட்டில் இருந்தால், வீட்டிலிருந்து பேசுவதே ஆபத்தாகலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் திரை பொருந்துவது கடினம். ஏழு வயதுக் குழந்தை தன் துயரத்தை விளையாட்டிலும் ஓவியத்திலும் காட்டும். அதைக் காண ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முன்பு தற்கொலைக்கு முயன்றவர் மீது குற்றவியல் சட்டம் 309ஆம் பிரிவு பாயும் என்ற பயம் இருந்தது. 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்று இனி யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. அவசரத்துக்கு 999.

பணம் இல்லாதவர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தொடங்கலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி; அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து வெள்ளி. அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்களும் உண்டு. தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். இருந்தும் நாம் கேட்காததால் கிடைக்காமற் போவதுண்டு.

இரகசியம் பற்றி

2020இல் பின்லாந்தில் வஸ்தாமோ என்னும் உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் திருடப்பட்டது வெளிப்பட்டது. நோயாளிகள் பேசியவற்றின் குறிப்புகளை வைத்து அந்நோயாளிகளிடமே பணம் கேட்டு மிரட்டினர். அங்கே சிகிச்சை பெற்றவர்கள் நேரில் போனவர்கள் என்பதை மறக்க வேண்டா. குறிப்புகள் கணினியில் இருந்தன. 2023இல் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், பெட்டர்ஹெல்ப் என்னும் இயங்கலை நிறுவனம் பயனர் தகவல்களை விளம்பரத்துக்காக முகநூல் போன்ற தளங்களுக்குக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் 78 இலட்சம் டாலர் செலுத்த இணங்கியது. ஆகவே மூன்றைக் கேளுங்கள்: குறிப்புகளை எங்கே வைப்பீர்கள்? உரையாடல் பதிவு செய்யப்படுமா? எந்தச் சூழலில் என் இரகசியத்தைப் பிறரிடம் சொல்வீர்கள்? உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும் என்று அவர் முன்கூட்டியே கூறினால், அவர் நேர்மையானவர்.

இப்போது இளையோர் பலர் செயற்கை நுண்ணறிவோடு நள்ளிரவில் பேசுகின்றனர். 1966இலேயே ஜோசப் வைசன்பாம் எழுதிய 'எலிசா' என்ற கணினி நிரலோடு மக்கள் மனம் விட்டுப் பேசினர். அது கண்டு அவரே திகைத்தார். மனப்பாரத்தை எழுதிப் பார்க்க இது உதவலாம். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அதன் பெயர் இல்லை. நீங்கள் மறுவாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடி அழைக்கும் பொறுப்பும் அதற்கில்லை.

நம் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

150க்கும் குறைவான மாணவர் உள்ளவற்றைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்பர். நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்வகையின. அத்தகைய பள்ளியில் முழுநேர ஆலோசகரை எதிர்பார்ப்பது கடினம். ஆனால் எவ்வளவு சிறிய பள்ளியிலும் கதவுள்ள ஓர் அறை உண்டு. நான் சொன்ன அந்தத் தாயாருக்குத் தலைமையாசிரியர் சனிக்கிழமை காலையில் வள மையத்தைத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். புறப்பாட நடவடிக்கைக்குப் பையனை அழைத்து வருகிறவர், அந்த ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்து பேசினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கு வருவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லையே. மூன்றாவது வாரத்தில் மாமியாரைப் பற்றிப் பேசினாராம். இப்போது உறக்கம் ஓரளவு வருகிறது. பையனின் வீட்டுப்பாடமும் வருகிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிருவாகங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் போய் நேர்ந்துகொள்வதை நான் குறை கூறமாட்டேன். மனத்துக்கு அது துணை. அதே கோயில் மண்டபத்தின் பின்னறையை வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாமே. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, இணையம். வெளியே பெயர்ப்பலகை வேண்டா. வந்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவும் வேண்டா. அறைச் சாவியை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்தால் போதும்.

தமிழ் பேசும் ஆலோசகர் திரைக்கு அப்பால் காத்திருக்கிறார். நம்மவர் அமர்ந்து பேச ஓர் அறையை நாம் கொடுப்போம். உங்கள் பள்ளியில் இது இயலுமா, என்ன தடை வரும் என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச அது உதவும்.